பதினான்காம் நாளுக்குப் பிறகு: மார்பு அறுவையும் ஆயத்தம் என்கிற சொல்லாடலும்

1

தமிழ்க் காப்பியத்தில் ஒரு முலையை இழந்த பெண்ணுக்குப் பதினான்கு நாள்தான் ஆயுள். இடப்பக்கத்து முலையைத் திருகி மதுரை மேல் எறிந்த கண்ணகி, பதினான்காம் நாள் மலைமேல் வேங்கை மரத்தடியில் நின்று கோவலனோடு வானேறிப் போய்விடுகிறாள். இடைப்பட்ட நாட்களில் அந்தக் காயம் என்னவாயிற்று, ரத்தம் எப்போது நின்றது, கையைத் தூக்க முடிந்ததா, எப்படிப் படுத்தாள் என்பதெல்லாம் பிரதியில் இல்லை. நாமும் கேட்டதில்லை. கேட்பதே அபத்தம் என்று பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம். பத்தினித் தெய்வத்துக்குத் தையல் பிரிப்பார்களா என்ன?

இன்றைக்கு அதே மதுரையில் மார்பு அறுவை செய்துகொள்கிற ஒருத்திக்குப் பத்து, பதினான்கு நாள் வாக்கில்தான் தையல் பிரிக்கிறார்கள். காப்பியம் முடிகிற இடத்தில் இவளுடைய கதை தொடங்குகிறது. இந்தக் கதைக்கு நம்மிடம் மொழி இருக்கிறதா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கண்ணகி இதில் தனியாள் இல்லை. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதியவள், மகன் புறமுதுகு காட்டிச் செத்திருந்தால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்துவிடுவதாகச் சொல்லி வாளோடு களத்துக்குப் போகிறாள். விருதுநகர் மாவட்டத்துக்காரியான ஆண்டாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, முலையைப் பிடுங்கிக் கண்ணன் மார்பிலேயே எறியப்போவதாக நாச்சியார் திருமொழியில் சொல்கிறாள். மதுரை மீனாட்சிக்கு மூன்று முலை. மணவாளனைக் கண்டதும் ஒன்று மறைந்துபோகிறது. இந்த நான்கு கதையாடல்களிலும் முலைக்கு ஒரு முகவரி இருக்கிறது. அரசனுக்கு, மகனுக்கு, கடவுளுக்கு, கணவனுக்கு. யாரோ ஒருவரை நோக்கித்தான் அது எறியப்படுகிறது, அறுக்கப்படுகிறது, மறைகிறது. அவளுடைய சொந்த உறுப்பாக, அவள் உயிரோடிருப்பதற்காக இழக்கப்படுகிற ஒன்றாக எங்கேயும் வருவதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நான்கிலும் இழப்பு ஒரு கணத்தில் நடக்கிறது, அல்லது ஒரு கணத்தில் நடந்துவிடும் என்று சூளுரைக்கப்படுகிறது. முந்தின நாள் ராத்திரி என்று ஒன்று இவற்றில் கிடையாது. அறுவைக்குத் தேதி குறித்த பிறகு அந்தத் தேதிவரை ஒருத்தி சமைத்து, வேலைக்குப் போய், பிள்ளைகளுக்குத் தலைசீவி, ராத்திரியில் கண் விழித்துக் கிடக்கிற அந்த நாட்களுக்கு நம் இலக்கியத்தில் இடமில்லை. சினிமாவும் இதைத்தான் செய்தது. ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘வாழ்வே மாயம்’ இரண்டும் 1982-இல் வந்தவை. இரண்டிலும் கதாநாயகனுக்குத்தான் புற்றுநோய். அதுவும் காதலை உன்னதமாக்குவதற்காக வருகிற நோய். அறுத்து எடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வருகிற நோய் அழகியலுக்குள் நுழையவே இல்லை.

2

விஸ்வநத்தம் சிவகாசியை ஒட்டிக் கிடக்கிற ஊர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று தொழிலின் நிழலும் விழுகிற இடம். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு அர்த்தம். பட்டாசுக் குழாயில் செலுத்துவதும் மருந்துதான், ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுவதும் மருந்துதான். ‘மருந்து வேலை’ பார்த்த ஒருத்திக்கு ‘மருந்து ஏத்தணும்’ என்று சொல்லும்போது அந்தச் சொல் அவளுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதை மருத்துவர் யோசிப்பதில்லை.

ஆஸ்பத்திரி என்பது இங்கே திடுக்கிடலின் பெயர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிப்பில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வெடிப்புகள். காலையில் டிபன் டப்பாவோடு போனவர்களைச் சாயங்காலம் தீக்காய வார்டில் தேட வேண்டும். ஆயத்தமாக ஒரு நிமிஷமும் கிடையாது. விபத்து பொதுவெளிக்கு உரியது. அமைச்சர் வருவார், நிவாரணம் அறிவிப்பார், பேப்பரில் வரும். மாரில் வருகிற கட்டி இதற்கு நேர் எதிரிடை. சத்தமில்லாதது, பெரும்பாலும் வலியும் இல்லாதது, பேப்பரில் வராதது. ஆனால் 2022-க்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கிறது; ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்திருக்கிறார்கள். இத்தனை பெரிய வெடிப்புக்குச் சத்தமே இல்லை.

இந்த நோய் விபத்து தராத ஒன்றைத் தருகிறது: தவணை. கட்டியைக் கண்டு, படம் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்து, நிலை என்ன என்று முடிவு செய்து, அறுவைக்கு நாள் குறிக்கிறவரை சில நாட்கள், சில வாரங்கள் இருக்கின்றன. கட்டி பெரிதாக இருந்தால் முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுப்பார்கள்; அப்போது மாதக்கணக்கில் இருக்கிறது. இந்த நாட்கள் யாருடையவை?

காலண்டருடையவை என்பதுதான் முதல் பதில். தாள் கிழிக்கிற காலண்டரை அச்சடித்துத் தமிழ்நாடு பூராவும் அனுப்புகிற ஊர் சிவகாசி. மேலே நிறைந்த மார்போடு லட்சுமி. கீழே ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம், கரிநாள். ஒருத்தியின் உடலில் எப்போது கத்தி படலாம் என்பதை இந்தத் தாள் சொல்கிறது. ஆடி போகட்டும், அமாவாசை கழியட்டும், பொங்கல் முடியட்டும். தொழிலுக்கென்று வேறொரு பஞ்சாங்கமும் உண்டு: தீவாளி. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில்தான் வேலையும் கூலியும். போனஸும் அதை ஒட்டித்தான். ‘தீவாளி கழியட்டும்’ என்று தள்ளிப்போடுவதை அறியாமை என்று சொல்வது வார்டில் நிற்கிறவர்களுக்கு எளிது. உண்மையில் அது ஒரு கணக்கு. உயிரைக் கூலியோடு ஒப்பிட்டுப் போடப்பட்ட கணக்கு. ஆயத்தத்துக்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் கேடில்லை. மாதக்கணக்கில் தள்ளினால் நோய் முந்திக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை அவளிடம் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா என்பதுதான் பிரச்சினை.

3

அவளிடம் எதற்கும் சொல் இல்லை என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். முலை என்றால் இலக்கியம், அல்லது கெட்டவார்த்தை. குட்டி ரேவதி 2002-இல் ‘முலைகள்’ என்று ஒரு கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பு வைத்ததற்கே கிளம்பிய ஆத்திரத்தை நாம் மறந்துவிடவில்லை. சங்கம் தொட்டு ஆண்கள் புழங்கிய சொல், ஒரு பெண் தன் உடலுக்குச் சொன்னதும் ஆபாசமாகிவிட்டது. மார்பகம் என்பது சுவரொட்டித் தமிழ். அது யாருக்கும் முளைப்பதில்லை, விழிப்புணர்வு முகாமில் மட்டும் இருக்கிறது. வீட்டில் புழங்குகிற சொல் மாரு. அதையும் புறநோயாளிப் பிரிவில் ஆண் மருத்துவர் முன்னால் சொல்ல வாய் வராது. ‘இங்கன ஒரு கட்டி’ என்று முந்தானைக்கு மேல் விரல் வைத்துக் காட்டுவதோடு சரி.

நோயின் பெயரும் அப்படித்தான். சூசன் சோன்டாக் தன் மார்பில் புற்றுநோய் வந்து அறுவை செய்துகொண்ட பிறகு, 1978-இல், ‘நோய் என்கிற உருவகம்’ பற்றி எழுதினார்: நோயைக் காட்டிலும் நோய்மேல் ஏற்றப்படுகிற அர்த்தங்கள் கொல்கின்றன என்று. நம்முடையது இன்னும் சிக்கல். புற்று என்பது பாம்பு குடியிருக்கிற இடம், அம்மன் எழுந்தருளுகிற இடம், பாலூற்றுகிற இடம். ‘புத்து’ வந்துவிட்டது என்றால் யாரோ செய்த பாவம், யாரோ வைத்த கண், பாலை ஒழுங்காகக் கொடுக்காத தாய் என்று குற்றப்பத்திரிகை நீள்கிறது. கத்தி வைத்தால் பரவும், ஊசி குத்தினால் கிளம்பும் என்கிற பேச்சு இந்த உருவகத்தின் நீட்சிதான்: புற்றைக் கலைத்தால் பாம்பு வெளியே வரும். மருத்துவம் சொல்வது வேறு. ஊசிப் பரிசோதனை இல்லாமல் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. பரவ வைப்பது தாமதம். நோய் தொற்றாது, தட்டு டம்ளரைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. எந்த ஒருத்தியின் கட்டிக்கும் இன்னதுதான் காரணம் என்று விரல் நீட்ட யாராலும் முடியாது. ஆயத்தத்தின் முதல் படி இந்தக் குற்றப்பத்திரிகையைக் கிழித்துப் போடுவது.

ஃபூக்கோ ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் ஒரு மாற்றத்தைக் காட்டுவார். நோயாளியிடம் ‘உனக்கு என்ன செய்கிறது?’ என்று கேட்டுக்கொண்டிருந்த மருத்துவம், பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிறபோது ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்கத் தொடங்கியது. மனிதரை விட்டு உறுப்புக்குப் பார்வை போனது. மார்புக் கட்டி இந்தக் கேள்வியையும் ஏமாற்றிவிடுகிறது. ‘வலிக்கல, அதான் விட்டுட்டேன்’ என்பது வார்டுதோறும் கேட்கிற வாக்கியம். ஆனால் நம் ஊரில் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. ஃபூக்கோவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ‘கூட யாரு வந்திருக்கா?’

இந்தக் கேள்வி கேட்கப்பட்ட கணத்திலிருந்து பேச்சு அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. கணவனிடம், அண்ணனிடம், மூத்த மகனிடம். என்ன நோய், எவ்வளவு எடுக்க வேண்டும், எவ்வளவு செலவு என்பதெல்லாம் தாழ்வாரத்தில் நின்று பேசப்படுகிறது. கட்டிலில் இருப்பவளிடம் ‘சின்னக் கட்டிதான், எடுத்துருவாங்க, நீ தைரியமா இரு’ என்று ஒரு வாக்கியம் மட்டும் வந்து சேர்கிறது. அன்பினால்தான் செய்கிறார்கள். அன்பு அதிகாரமாகச் செயல்படுவதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் தேட வேண்டியதில்லை. தைரியமா இரு என்பது இங்கே ஆறுதலைக் காட்டிலும் கட்டளை: கேட்காதே, அழாதே, எங்களைப் பதற வைக்காதே.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு மயக்க மருந்து இல்லாமலே மார்பை அறுத்தார்கள். நாள் எது என்பதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று காலையில்தான் தகவல் வந்தது. சில மாதங்கள் கழித்து அக்காவுக்கு அவள் எழுதிய கடிதம் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. தயாராக இருந்த கட்டுத்துணிகளைப் பார்த்தது, கணவன் பார்க்க வேண்டாம் என்று அவரை வெளியே இருக்கும்படி ஏற்பாடு செய்தது, முகத்தில் போட்ட மெல்லிய துணி வழியாகக் கத்தியின் பளபளப்பைக் கண்டது எல்லாம் அதில் இருக்கின்றன. அறுவைக்குப் பிறகு அவள் 28 வருஷம் வாழ்ந்தாள். கண்ணகிக்குக் கிடைக்காத 28 வருஷம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் இருந்த வழக்கம் இன்னும் கொடூரம். மயக்கம் கொடுத்து, கட்டியை எடுத்து, உடனே பரிசோதித்து, புற்று என்றால் அதே மயக்கத்தில் மார்பு முழுவதையும் எடுத்துவிடுவார்கள். தூங்கப் போகிறவளுக்கு எதோடு விழிப்போம் என்று தெரியாது. ரோஸ் குஷ்னர் என்கிற பத்திரிகைக்காரி 1974-இல் தன் கட்டியைக் கண்டபோது இதை மறுத்தார். முதலில் பரிசோதனை, முடிவைக் கேட்டு நானே தீர்மானித்த பிறகு அறுவை என்று பிடிவாதம் பிடித்தார். 1979-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அதையே பரிந்துரைத்தது. இரண்டு மயக்கங்களுக்கு நடுவில் ஒரு பெண் வென்றெடுத்த அந்தச் சில நாட்களுக்குத்தான் ஆயத்தம் என்று பெயர். அது மருத்துவம் போட்ட பிச்சையில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. சமீரா கோலி வழக்கில், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்தது செல்லாது என்று 2008 ஜனவரி 16 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. சுயநினைவோடு இருக்கிற, வயதுவந்த பெண்ணின் உடலுக்கு அவளுடைய சம்மதம்தான் சம்மதம். அதுவும் விஷயத்தைத் தெரிந்துகொண்டு தருகிற சம்மதம். கூட வந்தவரின் கையெழுத்து அவளுடையதற்கு மாற்று ஆகாது. கைநாட்டு வைக்கிறவளானாலும், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வைக்கிற உரிமை அவளுக்கு உண்டு.

4

மன ஆயத்தம், நடைமுறை ஆயத்தம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது கைப்பிரதிகளின் வழக்கம். தியானம் செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று ஒரு பக்கம். வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று மறுபக்கம். இந்த எதிர்வைக் கட்டவிழ்த்தாக வேண்டும். கூலிக்காரிக்கு மனசு என்பது தனியாக எங்கேயும் இல்லை. மூன்று மாதம் வேலைக்குப் போகாவிட்டால் வட்டி யார் கட்டுவது என்பதுதான் அவளுடைய மனசு. அதற்குப் பதில் கிடைத்தால் பாதி பயம் இறங்கும்.

ஆகவே காசிலிருந்து ஆரம்பிப்போம். ஈஎஸ்ஐ பதிவு இருக்கிற ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், 91 நாள்வரை உண்டு. புற்றுநோய் நீண்டகால நோய்களின் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருஷப் பணியும் போதிய சந்தா நாட்களும் இருந்தால் 80 சதவீதம், இரண்டு வருஷம்வரை நீட்டிக்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? அதைவிட முக்கியமாக, வீட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டுகிறவளின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? உழைப்பு இருக்கிறது, தொழிலாளி இல்லை. அவளுக்கு இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம்வரை. அதற்கு ரேஷன் கார்டு, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, காப்பீட்டுக்காரரின் முன் அனுமதி. கட்டிக்கு எதிராக ஒருத்தி நடத்துகிற முதல் போர் தாலுகா ஆபீஸ் வாசலில்தான் நடக்கிறது. இந்தக் காகிதங்களை முதல் வாரத்திலேயே அவளுக்காக வாங்கித் தருகிற மதினியோ, பக்கத்து வீட்டு அக்காவோ பத்து மனநல ஆலோசகர்களுக்குச் சமம்.

அடுத்து, கேள்விகள். 1890-களில் ஹால்ஸ்டெட் பரப்பிய முறை, மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்தது. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்கிற நம்பிக்கை முக்கால் நூற்றாண்டு ஆண்டது. மிலானில் வெரோனேசியும் (1981) அமெரிக்காவில் ஃபிஷரும் (1985) ஆய்வு வெளியிட்ட பிறகுதான் அது உடைந்தது: ஆரம்பநிலைக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் உயிர்வாழ்வில் வித்தியாசமில்லை. இருபது வருஷம் தொடர்ந்து பார்த்து 2002-இலும் அதையே உறுதிசெய்தார்கள். ஆகவே ‘முழுசா எடுக்கணுமா, கட்டியை மட்டும் எடுத்தாப் போதுமா?’ என்று கேட்பது திமிர் ஆகாது. இல்லை, முழுதாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் ஏன் என்றும் கேட்கலாம். கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் போய்வர வழியில்லாததால் முழுதாக எடுத்துவிடு என்று அவளே தீர்மானிக்கலாம். அதுவும் தீர்மானம்தான், ஆனால் பஸ் வசதி இல்லாததால் எடுக்கப்பட்ட முடிவு அது என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும். அக்குளில் நெறிக்கட்டி எத்தனை எடுப்பீர்கள்? கை வீங்குமா? முன்னால் மருந்தா, பின்னால் மருந்தா? பரிசோதனையில் ஹார்மோன் ஏற்பி பார்த்தீர்களா? திரும்ப எப்போது வேலைக்குப் போகலாம்? ஒரு பழைய நோட்டில் மகளை விட்டு எழுதச் சொன்னால் போதும். மகளுக்கும் விஷயம் தெரிந்துவிடும், தனியாகச் சொல்ல வேண்டிய கஷ்டம் மிச்சம்.

பிறகு கை. பட்டாசிலும் தீப்பெட்டியிலும் கைதான் மூலதனம். குழாய் உருட்ட, திரி வைக்க, குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட. அக்குள் நெறிக்கட்டியை எடுத்த பிறகு தோள் இறுகலாம், கை வீங்கலாம். சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை உயர்த்துகிற பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டால் வலிக்கிற நேரத்தில் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கொஞ்ச நாள் தலைக்கு மேல் கை போகாது. ஆகவே முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியோ ரவிக்கையோ இரண்டு வேண்டும். காயத்திலிருந்து நீர் வடியக் குழாய் வைத்து அனுப்புவார்கள். அதன் டப்பாவைத் தொங்கவிட அப்பத்தாவின் சுருக்குப்பை போதும். தண்ணிக்குடம் தூக்க ஆள் வேண்டும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று தோன்றினால், நாம் குடம் தூக்காதவர்கள் என்று அர்த்தம்.

அறுவைக்கு முன் தாலியைக் கழற்றச் சொல்வார்கள். மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாமே. மின்சாரக் கத்தி பயன்படுத்துகிற இடத்தில் உலோகம் இருந்தால் சுடும் என்பது காரணம். காரணத்தை யாரும் சொல்வதில்லை, ‘கழட்டும்மா’ என்பதோடு சரி. மார்பை எடுக்கச் சம்மதித்தவள் தாலியைக் கழற்ற அழுகிறாள் என்று நர்சுகள் சிரிப்பதுண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. பெண் உடல்மேல் சமூகம் எழுதிய எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிக்கப்படும்போது எது கடைசி எழுத்து என்பது அவளுக்குத்தான் தெரியும். முந்தின நாளே சொல்லிவிட்டால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள். வேண்டுமென்றால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்பாள்.

5

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லோர்ட் 1978-இல் ஒரு மார்பை இழந்தார். 1980-இல் வந்த அவருடைய ‘புற்றுநோய் நாட்குறிப்புகள்’ நூலில் ஒரு சம்பவம் உண்டு. பொய்மார்பு வைக்காமல் மருத்துவரைப் பார்க்கப் போகிறார். இப்படி வந்தால் மற்றவர்களின் மனத்தெம்புக்கு நல்லதில்லை என்று நர்ஸ் சொல்கிறார். அறுத்ததைக் காட்டாதே, அறுபட்டவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள விடாதே என்பதே இதன் அரசியல் என்று லோர்ட் வாசித்தார். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவளவள் விருப்பம். முந்தானைக்குள் துணி வைத்துத் தைத்துக்கொள்கிறவளை நாம் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது அந்தத் துணிக்கு அப்பால் ஒரு பேச்சும் அனுமதிக்கப்படாததை. கட்டிலில் கணவன் என்ன நினைப்பான், குளிக்கும்போது நானே எப்படிப் பார்ப்பேன், மகளுக்கும் வருமா என்பவை அறுவைக்கு முன்னரே வாய்விட்டுக் கேட்கப்பட வேண்டியவை.

கேட்க இடம் இல்லாமலும் இல்லை. பெண்கள் வார்டில் ராத்திரி பார்வையாளர் நேரம் முடிந்து, கூட வந்த ஆண்கள் தாழ்வாரத்தில் படுத்த பிறகு, ஏற்கனவே அறுவை முடிந்தவள் மறுநாள் போகவிருப்பவளிடம் பேசுகிறாள். எவ்வளவு நேரம், முழிக்கும்போது எப்படி இருக்கும், எந்தப் பக்கம் படுக்கலாம். சில நேரம் நைட்டியை விலக்கிக் காட்டுகிறாள். தழும்பு நீளமா, இவ்வளவுதானா என்று மற்றவள் பார்த்துக்கொள்கிறாள். நம் இலக்கியம் எழுதாமல் விட்ட முந்தின நாள் ராத்திரி அங்கே வாய்மொழியாக இருந்துகொண்டிருக்கிறது. எறியப்படாத, யாருக்கும் முகவரியிடப்படாத மார்பைப் பற்றிய ஒரே தமிழ்ப் பிரதி அதுதான்.

அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விமர்சகனின் ஆசை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அறுவை முடிந்து ஊர் திரும்பிய பெண்களை, சம்மதித்தால், தேதி குறிக்கப்பட்டவளின் வீட்டுக்கு அழைத்துப் போவது. விஸ்வநத்தத்தில் ஒருத்தி, திருத்தங்கலில் ஒருத்தி இருந்தால்கூட ஆரம்பிக்கலாம். டாக்டர் ‘கூட யாரு வந்திருக்கா?’ என்று கேட்கும்போது, ‘இந்த அக்கா வந்திருக்காங்க, ஆனா எங்கிட்டயே சொல்லுங்க’ என்று அவள் பதில் சொல்ல வேண்டும்.